கோட்டைவிட்டு ஏறாத நிறம்

தை 4, செவ்வாய்

இது எந்த வருஷம் என்று பின்னால் யாராவது கேட்டால் சொல்லத் தெரிய வேண்டும். பெரிய நோட்டெல்லாம் செல்லாது என்று ஜனங்களை வங்கி வாசலில் நிறுத்தினார்களே, அதற்கு அடுத்து வந்த தை. ஐப்பசியும் கார்த்திகையும் சொட்டுத் தண்ணீர் விடாமல் போய், எங்கள் கண்மாய்க்குள் பையன்கள் ஸ்டம்பு நட்டுக் கிரிக்கெட் ஆடினார்கள். ஜல்லிக்கட்டு வேண்டும் என்று மெட்ராஸ் கடற்கரையில் பிள்ளைகள் கூடி உட்கார்ந்தது இன்றைக்குத்தான். டீக்கடை டிவியில் ஓடியது. அதே இன்றைக்குத்தான் என் கீரையைச் சாயக்கீரை என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். மகன் முத்துக்காளை செத்துப்போன பிறகு வீட்டில் நானும் அவளும்தான். என் ஞாபகத்தில் எல்லாம் இருக்கிறது; யார் என்றைக்கு என்ன சொன்னார்கள் என்று அட்சரம் பிசகாமல் சொல்வேன். ஆனால் படித்தவர்கள் வாயை நம்ப மாட்டார்கள், தாளைத்தான் நம்புவார்கள். அதனால் தாள்.

காலையில் வழக்கம்போல் பெண்கள் கல்லூரி விடுதிக்குக் கீரைக்கட்டுகளைச் சைக்கிளில் கொண்டுபோனேன். மெஸ் பொறுப்பில் இருக்கும் சவரியம்மாள் வாசலிலேயே மறித்தாள்.

“பெரியவரே, எறக்காதீங்க. அப்படியே திருப்புங்க.”

“ஏன்த்தா, முத்திப்போச்சா?”

“முத்தல. பொங்கலுக்கு முந்தி லேப்ல பிள்ளைக நம்ம மெஸ் கீரைய எடுத்துட்டுப் போய்ப் பிரிச்சுப் பாத்திருக்குக. சாயம் இருக்காம். நீங்க முக்கிக் குடுக்கிறீங்களாம்.”

“பச்சக் கீரைக்கு எதுக்குத்தா பச்சச் சாயம்?”

“பச்ச இல்ல. கத்தரிப்பூக் கலராம்.”

“கத்தரிப்பூக் கலர்ல முக்குனா அரைக்கீரை கத்தரிக்காயாயிருமா?”

பின்னால் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் சிரித்தாள். சவரியம்மாள் சிரிக்கவில்லை. “சிரிக்கிற விஷயமில்ல பெரியவரே. முந்நூறு பிள்ளைக சாப்புடுது. லேப்ல சரின்னு சொல்லட்டும், மறுநாளே எடுத்துக்கிறேன்” என்றாள்.

இந்த மெஸ் கீரை நின்றால் எங்களுக்கு வேறு வாசல் இல்லை. மருமகள் சுங்குடிச் சேலைக்குப் புள்ளி விழ முடிச்சுப் போடுகிறாள். அது அரிசிக்கே பற்றாது. இதையே சாக்காக வைத்து அவளுடைய அண்ணன் வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவான். போனால் போகட்டும். எனக்கென்ன, ஒற்றை ஆள், கஞ்சி காய்ச்சத் தெரியாதா.

தை 6, வியாழன்

கல்லூரிக்குப் போனேன். கேட்டில் இருந்தவன் உள்ளே விடவில்லை. செடி கொடி படிக்கிற பிரிவில் பிரமிளா மேடம் என்று ஒருவர், அவர்தான் லேபுக்குப் பொறுப்பு என்றான். அவர் இருக்கிறாரா என்றால் இருக்கிறார். பார்க்கலாமா என்றால் முடியாது. ஏன் என்றால் பிள்ளைகள் எல்லாம் வகுப்பைவிட்டு பஸ் ஸ்டாண்டில் போய் உட்கார்ந்திருக்கிறார்கள், மேடம் அவர்களைக் கூப்பிடப் போயிருக்கிறார். அப்படியென்றால் இருக்கிறார் என்று ஏன் சொன்னாய் என்றேன். “வேலையில இருக்காங்கன்னு சொன்னேன்” என்கிறான்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். பிள்ளைகள் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு காளை படம் வைத்துக் கத்துகின்றன. இதில் எந்தப் பிள்ளை என் கீரையைப் பிரித்ததோ. யாரைக் கேட்பது. ஒரு பிள்ளை எனக்கும் தண்ணீர் பாக்கெட் கொடுத்து, “தாத்தா, நீங்க மாடு புடிச்சிருக்கீங்களா?” என்றது. “மாடு பிடிக்கல. கீரை பிடுங்கிருக்கேன்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

கீரையைத் தெருத்தெருவாகக் கூவினேன். பாதி வாடிவிட்டது. எதிர்வீட்டு ஆடு நன்றாகச் சாப்பிட்டது.

தை 8, சனி

கல்லூரியை மூடிவிட்டார்களாம். எப்போது திறப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது.

என் வீட்டுக் கீரையைச் சொல்ல இவர்களுக்கு எப்படி வாய் வந்தது என்றுதான் ஆறவில்லை. கிணற்றுத் தண்ணீர். சாயங்காலம் அறுத்து, வேர் மண் போக அலசி, கட்டுப் போட்டுக் கொடுப்பேன். மருமகள் ஈரம் போட்டு மூடிவைப்பாள், விடிய எடுத்துப் போவேன். மூடுகிற கோணிச் சாக்கில் உர வாடை அடிக்கிறது என்று மார்கழியிலேயே சத்தம் போட்டு அதைத் தூர எறியச் சொன்னவன் நான். அவ்வளவு சுத்தம் பார்க்கிற வீடு.

தை 9, ஞாயிறு

மருமகளுடைய அண்ணன் வந்தான். முறுக்கும் வாழைப்பழமும் வாங்கி வந்தான். என்னிடம் மரியாதையாகத்தான் பேசினான்.

“மாமா, ஊர் பூரா பேசிக்கிது. மெஸ்ஸும் நின்னுபோச்சு. இனி தங்கச்சி இங்க இருந்து என்ன செய்யும்? தைப்பூசத்துக்கு வர்றேன், கூட்டிட்டுப் போறேன்.”

“அவளக் கேளு” என்றேன்.

அவன் கேட்டான். இவள் முடிச்சுப் போட்டுக்கொண்டே இருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. இப்போது இதை எழுதும்போதும் ஒன்றும் சொல்லவில்லை.

முறுக்கு நமுத்துப்போயிருந்தது.

தை 12, புதன்

கல்லூரி திறந்தது. பிரமிளா மேடத்தைப் பார்த்துவிட்டேன். கண்ணாடி போட்ட, மெலிந்த அம்மா. நான் கத்துவதற்கென்று எட்டு நாளாகச் சேர்த்துவைத்திருந்ததை எல்லாம் அவர் ஒரே வார்த்தையில் கெடுத்துவிட்டார். “உக்காருங்கய்யா, ஒங்களுக்குத் தகவலே சொல்லாம இது வெளிய போயிருக்கக் கூடாது” என்றார். அதற்குப் பிறகு எப்படிக் கத்துவது.

அந்தப் பரிசோதனை செய்த பிள்ளையைக் கூப்பிட்டார். நஸ்ரின் என்று பெயர். பயந்துகொண்டே அந்தப் பழைய தாளை எடுத்து வந்தது. விரல் அகல வெள்ளைத் தாள், கீரைச் சாற்றை ஏறவிட்டு நிறம் பிரிக்கிறதாம். மேலே கேரட் மாதிரி ஒரு கோடு, அதற்குக் கீழே வெளிர் மஞ்சள், அப்புறம் நீலம் கலந்த பச்சை, அப்புறம் இலைப்பச்சை. எல்லாவற்றுக்கும் அடியில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு பொட்டு.

“இந்த நாலும் கீரைக்குள்ளயே இருக்கிறதுங்கய்யா. எல்லாக் கீரைலயும் வரும். இந்தப் பொட்டுதான் வரக்கூடாதது” என்றார் மேடம். தண்டு சிவந்த கீரையா என்று கேட்டார். அதில் சிவப்புச் சாறு இருக்குமாம். இல்லை, வெறும் பச்சை அரைக்கீரை என்றேன்.

பச்சைக்குள் மஞ்சள் ஒளிந்திருக்கிறது என்று அறுபது வருஷமாகக் கீரை அறுக்கிற எனக்குத் தெரியாது. தெரிந்து என்ன. அந்தக் கோபத்தில் அதையும் ரசிக்க முடியவில்லை.

மேடம் அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “நஸ்ரின், அடிக்கோடு பேனாவுல போட்டியா?”

பிள்ளை தலையைக் குனிந்தது. “பென்சில் காணோம் மேம்.”

பென்சிலில்தான் போட வேண்டுமாம். பேனா மை, தாளை நிறுத்துகிற திராவகத்தில் கரைந்து ஒழுகுமாம். எனக்கு உயிர் வந்தது. “அப்ப இது பேனா மை. சாயம் இல்ல. இப்பவே ஒரு சீட்டு எழுதிக் குடுங்கம்மா” என்றேன்.

“மறுபடி செஞ்சு பாத்துத்தான்யா சொல்ல முடியும்.”

இன்று வாடாமல் கொண்டுபோயிருந்த ஒரு கட்டைக் கொடுத்தேன். கல்வத்தில் இடித்துச் சாறு எடுத்தார்கள். நகப்பூச்சு அழிக்கிற மருந்து வாடை அறை முழுக்க. மெல்லிய கண்ணாடிக் குழலில் தொட்டுப் பொட்டு வைத்து, ஊதிக் காயவைத்து, அதே இடத்தில் மறுபடி பொட்டு, மறுபடி காயவைப்பு. குழந்தைக்குத் திருஷ்டிப் பொட்டு வைப்பதுகூட இவ்வளவு நேரம் ஆகாது. கடைசியில் தாளை ஜாடிக்குள் தொங்கவிட்டார்கள். ஏறட்டும் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது தாள் வளைந்து ஜாடிச் சுவரில் ஒட்டி, நிறமெல்லாம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. “இது கணக்கில்ல” என்றார் மேடம். இன்னொன்று வைக்கத் திராவகம் இல்லை. திங்கட்கிழமைதான் வருமாம்.

திங்கட்கிழமை.

தை 13, வியாழன்

குடியரசு தினம், லீவு. கேட்டில் மிட்டாய் கொடுத்தார்கள். வாங்கவில்லை.

தை 14, வெள்ளி

அமாவாசை. என் வீட்டுக்காரி இருளாயிக்கும் மகன் முத்துக்காளைக்கும் எள்ளும் தண்ணீரும் விட வேண்டும். கண்மாயில் தண்ணீர் இல்லை. கிணற்றடியில் வாளித் தண்ணீரில் விட்டேன். மருமகள் அகத்திக்கீரை சமைத்திருந்தாள். எங்கள் கீரையைத்தான் யாரும் தொடுவதில்லை, காக்கை தொட்டது. அதற்கு லேப் சீட்டு வேண்டியதில்லை.

தை 17, திங்கள்

திராவகம் வந்தது. கரண்டு இல்லை. கரண்டு எதற்கு, பகல்தானே என்றேன். வாடையை வெளியே தள்ளுகிற காற்றாடி ஓடாமல் அந்த டப்பாவைத் திறக்கக் கூடாதாம். மதியம்வரை வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அந்த நஸ்ரின் பிள்ளை தன் சோற்றுடப்பாவைத் திறந்து, “தாத்தா, சாப்புடுறீங்களா? என்மேல கோவமா இருக்கீங்களா?” என்றது.

“இருக்கேன்” என்றேன். ஆனாலும் சாப்பிட்டேன். தக்காளிச் சோறு. உப்புக் குறைவு.

கரண்டு வந்து, பென்சில் கோடு போட்டு, மேடமே பக்கத்தில் நின்று, தாள் வளையாமல் குச்சியில் மாட்டித் தொங்கவிட்டார்கள். சாறு ஏறியது. கேரட் மேலே போனது. மஞ்சள் பின்னால் போனது. இரண்டு பச்சையும் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்தன. கத்தரிப்பூப் பொட்டு மட்டும் பென்சில் கோட்டிலேயே உட்கார்ந்திருந்தது. ஒரு நூல் நகரவில்லை.

நஸ்ரின் என்னைப் பார்க்காமல் கை கழுவப் போய்விட்டது.

“மை இல்லய்யா. மையா இருந்தா இதுல ஏறும். இது தண்ணியில மட்டும் கரையுற ஏதோ ஒண்ணு. கீரையோடது இல்ல” என்றார் மேடம்.

“நான் முக்கலம்மா.”

“நீங்க முக்குனீங்கன்னு நான் சொல்லல. எங்கிட்டு இருந்து வருதுன்னு பாப்போம். நாளைக்கு ரெண்டு கொண்டாங்க. வயல்ல இருந்து நேரா அறுத்தது ஒரு கட்டு, வீட்டுல வச்சு எடுத்தது ஒரு கட்டு.”

சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தேன். ஏறி மிதிக்கத் தோன்றவில்லை.

தை 18, செவ்வாய்

இரண்டு தாள் பக்கம் பக்கமாகத் தொங்கின. வயலில் இருந்து நேராகப் போன கீரையில் நாலு நிறம், அடியில் வெள்ளை. வீட்டில் வைத்து எடுத்த கீரைக்கட்டில் நாலு நிறமும் பொட்டும்.

“ரெண்டும் ஒரே பாத்தியா?”

“ஒரே பாத்தி, ஒரே கிணறு.”

“அப்ப வயலுக்கும் விடியக் காலைக்கும் நடுவுல என்னவோ அதுமேல படுது. என்னன்னு யோசிங்கய்யா.”

யோசிக்கிறேன் என்றேன். வீட்டுக்கு வந்தபோது கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. இதற்குமேல் இன்றைக்கு எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

தை 19, புதன்

புதுச் சாக்கு இரண்டு வாங்கி வந்தேன். எதற்கு என்று மருமகள் கேட்கவில்லை.

தை 20, வியாழன்

காலையில் மருமகள், “மாமா, இந்தச் சேலை முனை கிழிஞ்சிருக்கே, நீங்க பாத்தீங்களா?” என்றாள். எலி என்றேன். கத்தரிக்கோலால் வெட்டியது மாதிரி இருக்கிறதே என்றாள். எங்கள் ஊர் எலி சுத்தமாக வெட்டும் என்றேன்.

இப்போது சொல்லிவிடுகிறேன். வெட்டியது நான்தான்.

அந்தச் சேலை சுங்குடி. கத்தரிப்பூ நிறத்தில் வெள்ளைப் புள்ளி. சாயம் பிடிக்காமல் திட்டுத்திட்டாகப் போனது என்று முதலாளி கார்த்திகையில் மருமகளுக்குச் சும்மா கொடுத்தது. உடுத்தினால் உடம்பெல்லாம் நிறம் ஒட்டும், அதனால் உடுத்துவதில்லை. சாக்கைத் தூரப் போட்ட நாளிலிருந்து அதைத்தான் நனைத்துக் கீரைமேல் போர்த்தியிருக்கிறது. சுங்குடி முதல் நாலு அலசலுக்குச் சாயம் விடும் என்பது இந்த ஊரில் கைப்பிள்ளைக்கும் தெரியும். தெரிந்தும் கீரைக்கு மேல் ஏறும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பச்சைமேல் பட்டதால் கண்ணுக்குப் படவில்லை.

அந்தத் துண்டை மடியில் வைத்துக்கொண்டு லேபுக்குப் போனேன். மேடம் அதைத் தண்ணீரில் நனைத்து, அந்தத் தண்ணீரால் பொட்டு வைத்தார். பக்கத்திலேயே கீரைப் பொட்டு. நிறங்கள் ஏறின. இரண்டு கத்தரிப்பூப் பொட்டும் கோட்டிலேயே ஒட்டிப் பிறந்த பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்திருந்தன.

“இதேதான்யா” என்றார் மேடம். பெரிதாக ஜெயித்த மாதிரி ஒன்றும் அவர் முகத்தில் இல்லை. “கொஞ்சந்தான் எறங்கிருக்கு. ஆனா துணிக்குப் போடுற சாயம் வயித்துக்குள்ள போகவே கூடாது.”

“பிள்ளைகளுக்கு எதுவும் ஆயிருக்குமாம்மா?”

“யாரும் முடியலன்னு வரல. அலசித்தான சமைக்கிறாங்க.”

அலசியிருப்பார்களா. நல்ல அலசாக அலசியிருப்பார்களா. இதுவரை என்மேல் தப்புச் சொன்னார்கள் என்று கொதித்துக்கொண்டிருந்தேன். அது எவ்வளவோ சுகமாக இருந்தது.

“யார் இந்தச் சேலையப் போத்துனது?” என்று மேடம் கேட்டார். “நான்தான்” என்றேன்.

இந்த இடத்தில் மருமகள் பேனாவை வைத்துவிட்டாள்.

“மாமா, நான்ல போத்துனேன்.”

“நீ எழுது.”

“பொய்ய எப்படி எழுதுறது?”

“அப்ப நீ சொல்றதையும் சேத்து எழுது. ரெண்டும் இருக்கட்டும்.”

“சாக்கு மட்டும் இருந்திருந்தா...” என்றாள். அத்தோடு நிறுத்திக்கொண்டாள். எனக்குக் கண் எரிந்தது. விளக்கை அணைக்கச் சொன்னேன்.

தை 21, வெள்ளி

அந்தச் சேலையைக் காணோம். அடுப்புச் சாம்பலில் கரை மட்டும் கிடந்தது. நானும் கேட்கவில்லை.

தை 24, திங்கள்

மேடம் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். கீரையில் குற்றமில்லை, மூடிய சேலைத் துணியில் இருந்து இறங்கியது, இனி மூட வேண்டாம் என்று எழுதியிருக்கிறதாம். நஸ்ரின் வாசித்துக் காட்டியது. சவரியம்மாளிடம் கொண்டுபோனேன். அவள் இரண்டு தடவை படித்தாள். படிக்கப் படிக்க எனக்கு வேர்த்தது.

“யார் போத்துனதுன்னு இதுல இல்லையே?”

“நான்.”

“உங்களப் பாத்தா சேலை எடுத்துப் போத்துற ஆளாத் தெரியல பெரியவரே.”

“வயசானா எல்லாம் செய்யத்தான வேண்டியிருக்கு.”

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். அதற்குமேல் கிண்டவில்லை. “எடுத்துக்கிறேன். ஆனா ராத்திரி வீட்டுல வச்ச கீரை எனக்கு வேண்டாம். சாக்கும் வேண்டாம், சேலையும் வேண்டாம். விடிய அறுத்து, நேரா ஆறு மணிக்குள்ள இங்க வரணும்.”

“வந்துர்றேன்த்தா.”

“நீங்க வரமுடியாது.”

“ஏன், என் காலுக்கு என்ன?”

“காலுக்கு ஒண்ணுமில்ல. ஆறு மணிக்குப் பிள்ளைக தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டுப் பல்லு வெளக்கிட்டுத் திரியுங்க. அந்நேரத்துக்கு ஆம்பளைக்கு இந்தக் கேட் கெடையாது. மாரியாத்தா புருஷன் வந்தாலும் எட்டு மணிக்கு மேலதான். வீட்டுப் பொம்பள யாராச்சும் கொண்டாரட்டும். பேரச் சொல்லுங்க, கேட்ல எழுதி வைக்கிறேன்.”

நான் நின்றேன். மூன்று நாளில் தைப்பூசம். அண்ணன்காரன் வருவான். போகிறாளா இருக்கிறாளா என்று மருமகள் சொல்லவுமில்லை, நான் கேட்கவுமில்லை. கேட்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது. என் மகனுக்காக வந்தவள். அவனே இல்லை. அவளைக் கேட்காமல் விடியற்காலை வேலைக்கு அவள் பெயரை எப்படி எழுதிக் கொடுப்பது. கொடுக்காவிட்டால் கீரை இல்லை. கீரை இல்லாவிட்டால் அவள் இருப்பதற்குச் சொல்ல ஒரு காரணமும் இல்லை.

அதனால் வாய்க்கு வந்த இடத்தில் இருந்து ஆரம்பித்தேன். “எங்க கிணத்தடில முதல்ல கீரை போட்டது எங்கம்மா மாயக்காள். தனுஷ்கோடிய கடல் கொண்டுபோன வருஷம் கால் வீங்கிச் செத்தா. அப்புறம் எங்கக்கா வீரம்மாள் அறுத்தா. அவளக் கட்டிக்குடுத்த ஊர்ல காலரா வந்தப்ப போயிட்டா. அதுக்கப்புறம் என் வீட்டுக்காரி இருளாயி. அவ அறுத்தா வேர் ஒடியாது. சுனாமின்னு அந்தப் பெரிய அலை வந்துச்சே, அதுக்கு மறுவருஷம்...”

சவரியம்மாள் பேனாவைத் தட்டினாள். “பெரியவரே, செத்தவங்க கணக்க நான் கேக்கல. இருக்கிறவங்க பேரக் கேட்டேன்.”

சொன்னேன். அவள் எழுதிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து இதையெல்லாம் மருமகளிடம் சொல்லி எழுத வைத்தேன். இந்த இடம் வந்ததும் அவள் நிமிர்ந்தாள்.

“யார் பேரச் சொன்னீங்க?”

“வேற யாரு இருக்கா?”

“என்னையக் கேட்டீங்களா?”

“கேக்கல. இப்பக் கேக்குறேன். வேணாம்னா அந்த எடத்த வெறுமனே விட்டுரு. காலைல போய்க் கேட்ல இருக்கிற பேர அடிச்சுட்டு வந்துர்றேன்.”

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். “அண்ணன் வந்தா நீங்க பேசாதீங்க. நான் பேசிக்கிறேன்” என்றாள். அப்புறம் தாளில் பேனா கீறுகிற சத்தம் கேட்டது. என்ன எழுதினாய், வாசி என்றேன். வாசித்தாள்.

பாண்டியம்மாள்.